தோட்டா கிடைக்காத பழைய ரைஃபிள்களுக்குச் சேம்பர் மாற்ற அனுமதி கோரும் மனு

பெறுநர்: காவல் ஆணையர் அவர்கள், ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம்.
நகல்: உள்துறைச் செயலாளர் அவர்கள், தமிழ்நாடு அரசு.
அனுப்புநர்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத் துப்பாக்கி உரிமதாரர் சங்க நிர்வாகிகள்.

பொருள்: வாரிசு உரிமத்தில் உள்ள பழைய வேட்டை ரைஃபிள்கள் – உரிமத்தில் தோட்டாப் பெயரைத் தெளிவுபடுத்துதல், சேம்பர் மாற்றத்துக்குச் சோதனையுடன் கூடிய அனுமதி வழங்குதல் – தொடர்பாக.

இவ்வட்டாரத்தில் பாட்டன், தகப்பன் வழியாக வந்த வேட்டை ரைஃபிள்கள் சில குடும்பங்களில் உரிமத்துடன் இருந்து வருகின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் தளர்த்துமாறு இச்சங்கம் கேட்கவில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்வது நலம். துப்பாக்கி, தோட்டா இறக்குமதி 1980களில் இறுக்கப்பட்ட பின், அரசுத் தொழிற்சாலைகளில் தயாராகும் .315, .22, 12 போர் போன்ற சில வகைகளே கடைகளில் கிடைக்கின்றன என்பதால், .275, .404, .423 என்று குழலில் பொறிக்கப்பட்ட ரைஃபிள்கள் எண்ணெய் போட்டுத் துடைக்கப்படுவதோடு சரி.

இதில் ஒரு பகுதி வெறும் பெயர்ச் சிக்கல். ஜிம் கார்பெட் கையாண்ட .275 ரிக்பியின் தோட்டா, ஜெர்மானியர் 7×57 மௌசர் என்று அழைக்கும் அதே தோட்டாதான். ஆனால் உரிமத்தில் ஒரு பெயரும் தோட்டாப் பெட்டியில் மற்றொரு பெயரும் இருக்கும்போது, அரிதாக ஒரு பெட்டி வந்தாலும், கடைக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: .423 மௌசர் எனப்படும் 10.75×68 தோட்டாவும் .404 ஜெஃப்ரியும் குண்டின் பருமனில் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும், பின்னதன் கூடு 73 மி.மீ. நீளமுள்ளது என்பதால், ஒன்றுக்கு மற்றொன்றை எழுதிவிடும் கைப்பிழை உயிருக்கே கேடாகும். ஆகவே பெயர்ப் பதிவைத் திருத்தும் முன் படைக்கல வல்லுநர் ஒருவர் சேம்பரை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை, அளந்து சான்றளிக்க வேண்டும்.

மறு பகுதியே சேம்பர் மாற்றம், அதாவது கிடைக்கக்கூடிய வேறொரு தோட்டாவுக்கு ஏற்ப அவ்வறையைக் கடைந்து பெரிதாக்குவது. கடைந்தெடுத்த இரும்பைத் திருப்பி ஒட்ட முடியாது என்பதால், புதிய தோட்டாவின் கூடு எல்லா இடத்திலும் பழையதைவிடப் பெரியதாகவும், குண்டின் பருமன் மாறாததாகவும் இருந்தாலன்றி இது பலிக்காது. 7 மி.மீ. குழலுள்ள .275-ஐ, 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவின் வழிவந்ததும் அடியில் விளிம்புள்ளதுமான .315-க்கு மாற்றச் சேம்பரைத் தொட்டால் மட்டும் போதாது. குழலையும் போல்ட்டின் முகப்பையும் மாற்ற வேண்டும்.

நம் நாட்டில் இவ்வேலைக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை, காவலர் பயன்பாட்டுக்காக .303 ரைஃபிள்களின் குழலின் உட்புறச் சுழல்வரிகள் நீங்கும்படி குடைந்து, மேகசின் இடத்தில் மரக்கட்டையைச் செருகி, ஒற்றைத் தோட்டா .410 மஸ்கட்டுகளாக மாற்றியது. அதே தொழிற்சாலை 1960களில் 7.62 தோட்டாவுக்கான ரைஃபிளை அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் செய்தபோது, கூடுதல் அழுத்தத்தைத் தாங்க எஃகின் தரத்தையே உயர்த்தியது. பழைய எஃகு எவ்வளவு தாங்கும் என்பதைச் சோதிக்காமல் சேம்பரில் கைவைக்கலாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

படைக்கலச் சட்டம், 1959-இன் 5-ஆம் பிரிவின்படி துப்பாக்கியை மாற்றியமைக்கவும் பழுதுபார்க்கவும் தனி உரிமம் வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் சுத்தமாகக் கடையும் லேத்துகளுக்குப் பஞ்சமில்லை; ஆனால் அந்த உரிமமும், கடைந்ததைச் சுட்டுச் சோதிக்கும் வசதியும் பட்டறைகளிடம் இல்லை. முறையான வழி அடைபட்டுக் கிடந்தால் யாரேனும் ஒருவர் இரவோடு இரவாகப் பட்டறைக் கதவைத் தட்டக்கூடும் என்பதே இச்சங்கத்தின் அச்சம்.

எனவே, வல்லுநர் சான்றின் பேரில் ஒரே தோட்டாவின் மாற்றுப் பெயர்களை உரிமத்தில் சேர்த்தெழுதுமாறு ஆணையர் அவர்களை இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது. திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலையிலோ அது ஏற்கும் உரிமம் பெற்ற பழுதுநீக்குநரிடமோ கட்டணத்தின் பேரில் சேம்பர் மாற்றமும், வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய தோட்டாவால் சுட்டுப் பார்க்கும் சோதனையும் நடைபெற ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைக்குமாறு உள்துறைச் செயலாளர் அவர்களையும் வேண்டுகிறது. மாற்றத்துக்குப் பின் குழலில் பழைய பொறிப்பை அடித்துப் புதியது பொறிக்கப்படுவதும், உரிமப் பதிவு திருத்தப்படுவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். தவறான தோட்டா ஏறுவதைத் தடுக்க வேறு வழியில்லை.

சோதனையில் தேறாத ரைஃபிள்களை மீண்டும் சுட முடியாதபடி செயலிழக்கச் செய்து, குடும்ப நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ள அனுமதிப்பது பற்றியும் முடிவெடுத்து, அம்முடிவை எழுத்து மூலம் சங்கத்துக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கோரப்படுகிறது.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள்