பறை எடுத்த பிள்ளைகள்

சென்ற தவணையின் இறுதியில் ஒரு மாலைப்பொழுது. கல்லூரி மைதானத்தின் ஓரத்து வேப்பமர நிழலில் மாணவர் சிலர் பறை பயின்றுகொண்டிருந்தனர். வகுப்பில் ஒரு வினாவுக்கு விடை கூறுமுன் மூன்று முறை நாத் தடுமாறும் பையன் ஒருவனும் அவர்கள் நடுவே நின்றான். கோல் தோலிற் பட்டதும் அவன் முகமே வேறாயிற்று. தடுமாற்றம் போன இடம் தெரியவில்லை. கைத்தொலைபேசியைக் கணப்பொழுதும் பிரியாத இவ்விளைஞரைப் பறையின்பால் ஈர்ப்பது யாது என்று எண்ணியவாறே வீடு திரும்பினேன்.

முதலாவது காரணம், கூடிச் செய்தலின் இன்பம். வீணையோ வயலினோ கைவரப் பல்லாண்டுகள் வேண்டும். பறையின் எளிய அடிகளைச் சில வாரங்களிற் பழகலாம். பலர் கோல்களும் ஒருங்கே விழும்போது, தனியன் என்று தன்னை எண்ணியிருந்தவனும் ஒரு பேருடலின் உறுப்பாகிவிடுகிறான். ஒருவன் பிந்தினால் மற்றையோர் அவனை ஏந்திச் செல்கின்றனர்.

இரண்டாவது காரணம், வேரைத் தேடும் வேட்கை. தொல்காப்பியம் திணைக்குரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்து எண்ணுகிறது. 'பறைதல்' என்பதற்குச் சொல்லுதல் என்பது பொருள். நம்மூர்க் கிழவிகள் இன்றும், "என்ன பறையிறாய்?" என்று கேட்பதுண்டன்றோ? ஆகவே பறை, பேசுங் கருவி.

இவ்வேட்கை நமக்கு மட்டும் உரியதன்று. யப்பானில் 1951 இல் ஒகுச்சி டைஹச்சி என்பவர், பலவகை முரசுகளை ஒருங்கு சேர்த்துக் குழுவாக முழக்கும் முறையை வகுத்தார். இன்று உலகெங்கும் பரவியுள்ள 'தைக்கோ' குழுக்களுக்கு அதுவே தோற்றுவாய். 1968 இல் அது சன்பிரான்சிஸ்கோ நகரில் வேரூன்றியது. மறு ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பௌத்த ஆலயம் ஒன்றிற் கூடிய யப்பானிய வழித்தோன்றல்கள், பழைய மதுப்பீப்பாய்களுக்குத் தோல் போர்த்து முரசு செய்தனர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்த ஏறத்தாழ 1,20,000 யப்பானிய வம்சத்தவரின் அடுத்த தலைமுறை அது. மூத்தோர் பேசாது விழுங்கியதை இளையோர் முரசில் ஒலித்தனர். 1983 இன் பின் கடல் கடந்த நம்மவரின் பிள்ளைகள் அந்நிய நகரங்களிற் பறை எடுப்பதும் இதனோடு ஒத்ததே.

நிற்க. அப்பயிற்சிக்கு வராத மாணவன் ஒருவனும் உளன். தாளக்கட்டிற் சிறந்தவன். "நீயும் சேரலாமே, தம்பி" என்றேன். சற்று நேரம் நிலத்தைப் பார்த்து நின்றவன், "சேர், அவைக்கு இது கலை. எங்கட அப்பப்பாவுக்கு இது கட்டாயம்" என்றான். எனக்கு விடை கூற நா எழவில்லை.

உண்மை அதுவே. சாவீட்டிற் பறை முழக்கியவரை முற்றத்துக்கு அப்பால் நிறுத்தி, சிரட்டையில் நீர் வார்த்த குடாநாடு இது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது; வந்த பின்னும் 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்திற்காகப் போராட வேண்டியிருந்தது. அத்தகைய காலத்திற் கோலைக் கீழே வைத்தவர்கள் கலையைத் துறந்தவர்களல்லர்; தன்மானத்தை எடுத்துக்கொண்டவர்கள்.

யப்பானிலும் இக்கதை உண்டு. தோற்றொழில் செய்வோரை அந்நாடும் இழிவாக நடத்தியது. ஒசாக்கா நகரின் நனிவாப் பகுதியில் முரசு செய்து விற்ற சமூகத்தவரின் பிள்ளைகள், 1987 இல் தாமே ஒரு முரசுக் குழு அமைத்து, அதற்கு 'இக்காரி' என்று பெயரிட்டனர். இக்காரி என்றால் சினம். தம் முன்னோர் செய்த முரசை அவர்கள் தலை நிமிர்ந்து முழக்கினர்.

தமிழகத்தில் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025 ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சியே. எனினும் மேடையில் நம் பிள்ளை பறை அடிக்கக் கைதட்டும் நாம், அதே பறையோடு சாவீட்டிற்கு வரும் முதியவரை எங்ஙனம் நடத்துகிறோம்? அவரையன்றோ ஆசானாக அழைத்து, ஆசனமிட்டு, உரிய வேதனமும் அளித்து, நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கக் கேட்டல் வேண்டும்? அவர் மறுப்பாராயின், அம்மறுப்பையும் மதித்தல் வேண்டும்.

பறை எடுக்க விரும்பும் மாணவ மணிகளே, தாராளமாக எடுங்கள். ஆனால் முதற் பாடத்தை வீட்டிலே தொடங்குங்கள். அடுத்த முறை பறையொலி உங்கள் படலையடிக்கு வரும்போது, அதைக் கொணர்ந்தவரை உள்ளே அழைத்துக் கதிரையில் இருத்தி, நீங்கள் அருந்தும் அதே பேணியிலே தேநீர் கொடுங்கள். தாளம் பின்னர்த் தானே வரும்.