கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுக்கும் இரும்பு

மீமுரே படங்களைப் போட்டபோது உங்களில் கனபேர் ஹார்ட் போட்டீங்க. அதிலும் அந்த ஒரு படத்துக்கு: ஒரு ஜிம்னி, ஒரு முன் சில்லு பாறைக்கு மேல, மற்றது பள்ளத்துக்குள்ள தொங்குது. நன்றி. இப்போது அந்தப் படத்தில் இல்லாத ஒரு பொருளுக்காகச் சண்டை பிடிக்க வந்திருக்கிறோம். அந்த வண்டியின் முன்பக்கம் இருக்கவேண்டிய ஸ்டெபிலைசர் பார் அன்று அதில் இல்லை. மட்டக்களப்பில், வண்டிக்கார அண்ணாவின் வீட்டுக் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டாக நின்றது.

போகும்போது எங்களுக்கு இது தெரியாது. திரும்பி வரும்போது ஹுன்னஸ்கிரியவில் மகியங்கனை வீதிக்கு ஏறி, 18 வளைவு இறங்கிக்கொண்டிருந்தோம். கூரையில் கூடாரம், பைகள், தண்ணிக் கான். நடுவில் ஒரு வளைவில் கீழிருந்து பஸ் ஒன்று எங்கள் பக்கத்தை வெட்டிக்கொண்டு வந்தது. அண்ணா ஸ்டியரிங்கை ஒடித்தார். சில்லுகள் திரும்பின, வண்டியின் உடம்போ மற்றப்பக்கம் சரிந்துகொண்டே போனது. பின்னால் இருந்த இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர். கான் ஓரத்தில் வண்டி நின்றபோது ஒருத்தரும் பேசவில்லை. அண்ணா சிரித்தார்: "பயப்பிடாதீங்கடா, ஓஃப்ரோட் செட்டப் எண்டா அப்பிடித்தான்."

அப்பிடியில்லை அண்ணா. அதைத்தான் எழுதுகிறோம்.

ஆர்ட்ஸ் பிள்ளைகளுக்கு இதெல்லாம் என்னத்துக்கு என்று கேட்கப்போகிறவர்களுக்கு: வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க டிகிரி தேவையில்லை. அந்தப் பார் ஒரு வளைந்த இரும்புக் கம்பி. நடுப்பகுதி றப்பர் புஷ்ஷுக்குள் சேஸியோடு பிடித்திருக்கும். இரண்டு முனையும் லிங்க் என்கிற சின்னத் தண்டுகளால் சில்லுப் பக்கத்தோடு பூட்டியிருக்கும். இரண்டு சில்லும் ஒன்றாக ஏறி இறங்கினால் பார் சும்மா சுழலும். ஒன்று ஏற மற்றது இறங்கினால், ஈரத் துவாயைப் பிழிகிற மாதிரி அது முறுக்குப்பட்டு எதிர்க்கும். வளைவில் வண்டியைச் சரியவிடாமல் பிடிப்பதில் இந்த எதிர்ப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

பாறையில் அதே எதிர்ப்பு இடைஞ்சல். ஒரு சில்லு ஏறும்போது மற்றதைப் பள்ளத்துக்குள் இறங்கவிடாது. அது அந்தரத்தில் சும்மா சுழல, வண்டி இழுக்காது. ஆக, கழற்றுவதில் நியாயம் இருக்கிறது, ஓம். ஆனால் பாறைக்காகக் கழற்றினதை தார் வீதிக்கு வந்தால் பூட்ட வேண்டாமா? இதற்கென்றே ஒரு சாமான் இருக்கிறது: டிஸ்கனெக்ட் லிங்க். பழைய லிங்கைக் கழற்றிவிட்டு இதைப் போட்டால், பின்னை இழுத்ததும் பார் விடுபடும், திரும்பச் செருகினால் பூட்டுப்படும். பழகினால் சில நிமிட வேலை.

வண்டி செய்கிறவர்களே இதை எப்படி யோசித்திருக்கிறார்கள் என்று பாருங்களன். 2007 மொடலில் இருந்து ஜீப் ரேங்ளர் ரூபிகனில் முன் பாரை ஒரு பட்டன் விடுவிக்கும். ஃபோர் வீலில், மெதுவாகப் போகும்போது மட்டும். மணிக்கு 29 கிலோமீற்றர் அளவைத் தாண்டினால் அதுவாகவே பூட்டிக்கொள்ளும். பின் பாரை அது தொடுவதேயில்லை. ஜிம்னியில் பின்னுக்குப் பாரே கிடையாது, முன்னுக்கு இருக்கிற அந்த ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் எங்கட ஆக்கள் கோழிக்கூட்டுக்குக் கொடுத்திருக்கிறாங்க.

"அந்தக் காலத்து ஜீப்புகளில் இந்தப் பார் எங்க இருந்தது?" என்பார்கள். பார் இல்லாமல் வடிவமைத்த வண்டிக்கு ஸ்பிரிங் அதற்கேற்ற மாதிரிப் போட்டிருப்பார்கள். பாரை நம்பிச் செய்த வண்டியில் பாரைப் பிடுங்குவது வேற கதை. "நான் மெதுவாத்தான் ஓடுவன்" என்பார்கள். வளைவில் எதிரே வருகிற பஸ்ஸிடமும், மகா ஓயாப் பக்கம் இருட்டில் குறுக்கே பாய்கிற மாட்டிடமும் இதை யார் சொல்வது? திடீரென்று வெட்டி எடுக்கிற அந்த ஒரு கணத்தில்தான் பார் தேவைப்படுகிறது.

காசு என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் அடங்குவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதுவரை பழைய வண்டியைத்தான் எல்லாரும் உருட்டினார்கள், பார்ட்ஸ் விலை தெரிந்ததுதான். ஆனால் டிஸ்கனெக்ட் வாங்கக் காசில்லை என்றால் பாரை அப்படியே விட்டுவிடலாம், அதற்கு ஒரு சதமும் செலவில்லை. மீமுரே வீதியில் வானும் ஓடுது, மோட்டார்சைக்கிளும் ஓடுது. பாரைக் கழற்றினது அந்த வீதிக்காக இல்லை, அந்த ஒரு படத்துக்காக.

வாங்குகிறவர்கள் கவனமாக வாங்குங்கள். உங்கள் மொடலுக்கு என்று செய்ததாக இருக்கவேண்டும், லேத்தில் வெட்டி வெல்ட் பண்ணினது வேண்டாம். வண்டியை 2 அங்குலம் உயர்த்தியிருந்தால் லிங்கும் அதற்கேற்ற நீளம் வேண்டும். மட்டமான தரையில் நிற்கும்போது பாரின் கைகள் கிட்டத்தட்டக் கிடையாக இருந்தால் சரி. றப்பர் உள்ள போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டி தன் பாரத்தோடு சில்லில் நிற்கும்போதுதான், ஜாக்கில் தொங்கும்போது இல்லை. ஒரு பக்கப் பின்னை மட்டும் இழுத்தாலும் பார் விடுபடும்தான், ஆனால் இரண்டையும் கழற்றி, முனைகளை மேலே கட்டிவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து டயரிலோ பிரேக் ஹோஸிலோ முட்டுதா என்று பாருங்கள். ஹோஸை இன்னொரு தரமும் பாருங்கள்: சில்லு முன்பைவிடக் கீழே இறங்கும், நீளம் காணாவிட்டால் ஹோஸ் இழுபடும். ஷொக்ஸ் கட்டை என்றால் டிஸ்கனெக்ட் போட்டும் சில்லு பெரிதாக இறங்காது, காசுதான் வீண்.

திரும்பப் பூட்டுவதும் மட்டத் தரையில்தான். சரிவில் நின்றால் துவாரங்கள் நேருக்கு நேர் வராது. பிறகு "வீட்ட போய் பூட்டுவம் மச்சான்" என்று தொடங்கும். அந்த அண்ணாவும் முதலில் டிஸ்கனெக்ட் போட்டவர்தானாம். பின்னைத் தொலைத்துவிட்டார். பிறகு இரண்டு மாதம் பூட்டவில்லை, பிறகு பாரையே கழற்றிவிட்டார். உதிரிப் பின் இரண்டு டாஷ்போர்டில் கிடந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

வாகனம் அவருடையது, உயிர் அவருடையது என்று நினைக்கிறவர்களோடுதான் எங்களுக்கு உண்மையான பிரச்சினை. அன்று உள்ளே நாலு உயிர். எதிரே வந்த பஸ்ஸில் எத்தனை பேரோ. ஏறுவதற்கு முன் "பார் பூட்டியிருக்கா?" என்று எங்களில் ஒருத்தராவது கேட்டிருக்கலாம். கேட்டால் பயந்தாங்கொள்ளி என்பார்கள் என்று இருந்துவிட்டோம்.

போன கிழமை அண்ணாவிடம் கேட்டோம். லிங்க் றப்பர் கிடைக்கவில்லை என்றார். தேடினோம், இரண்டு கடையில் இருக்கிறது, விலையையும் அனுப்பிவிட்டோம். அடுத்த பயணம் ஓகஸ்டில். கோழிக்கூட்டுக் கதவுக்கு ஒரு கட்டையும் பார்த்து வைத்திருக்கிறோம். அதற்குள் பார் வண்டியில் ஏறாவிட்டால் நாங்கள் மூன்று பேரும் மகியங்கனை வரைக்கும் பஸ்ஸில்தான்.