பட்டியலே போதுமென்றால் இறுதி ஆட்டம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

2027, 2029, 2031 ஆகிய மூன்று உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டங்களும் இங்கிலாந்துக்கே என்று சிங்கப்பூரில் கூடிய ஐசிசி 2025 ஜூலையில் அறிவித்துவிட்டது. புனேயில் அந்தச் செய்தி கிளப்பியிருக்கும் எரிச்சலில், 'ஏன் இங்கிலாந்து?' என்ற கேள்விக்குப் பங்கு குறைவு. ஜூன் மாதத்து மழையில் புனேயில் ஐந்து நாள் ஆட்டம் நடத்த முடியாது என்பது இங்கே பால்காரருக்கும் தெரியும். இறுதி ஆட்டம் எங்கே என்பதை ஆறு வருடத்துக்கு முன்கூட்டியே முடித்துக்கொண்ட பெரியவர்கள், அந்த ஆட்டத்துக்கு எந்த இரண்டு அணிகள், எப்படி வருகின்றன என்பதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எரிகிறது.

புனேவுக்கு இதில் தனி வயிற்றெரிச்சல் உண்டு. 2024 அக்டோபர் 24 அன்று கஹுஞ்சே மைதானத்தில் இந்தியா, நியூசிலாந்து டெஸ்ட் தொடங்கியது. தலைக்கு மேல் கூரையில்லாத பகுதிகளில் வெயிலில் காய்ந்த கூட்டத்துக்கு முதல் நாள் குடிக்கத் தண்ணீர்கூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை. ஏற்பாட்டாளர்கள் பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். அப்படியும் ஜனம் எழுந்து போகவில்லை. வாஷிங்டன் சுந்தர் 7, அஸ்வின் 3 என்று நியூசிலாந்தின் பத்து விக்கெட்டையும் சென்னைப் பிள்ளைகள் இருவரே பங்கு போட்டுக்கொண்ட நாளில், ராஸ்தா பேட்டைத் தமிழர் எவராவது பாதியில் கிளம்புவாரா? மறுநாள் மிட்செல் சான்ட்னர் வந்தார். 7 விக்கெட், அடுத்த இன்னிங்ஸில் இன்னொரு 6. மூன்றாம் நாளே 113 ரன்னில் தோல்வி. 2012க்குப் பிறகு சொந்த மண்ணில் ஒரு தொடரையும் இழக்காமல், வரிசையாகப் பதினெட்டுத் தொடர்களை வென்றிருந்த இந்தியாவின் கணக்கு கஹுஞ்சேயில் முடிந்தது. மும்பையிலும் தோற்று 0-3. மூன்று டெஸ்ட் தொடரில் இந்தியாவை இந்தியாவிலேயே வெள்ளையடித்த அணி அதற்கு முன் ஒன்றுகூடக் கிடையாது.

சரி, அந்த நியூசிலாந்து எங்கே போனது? 2023-25 சுற்றின் புள்ளிப் பட்டியலில் நான்காமிடம், 48.21 சதவீதம். வீட்டுக்குப் போய்விட்டது.

முதலிடம் தென்னாப்பிரிக்காவுக்கு, 69.44 சதவீதம். லார்ட்ஸில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை 5 விக்கெட்டில் வென்றதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மார்க்ரம் அடித்த 136 ரன் எந்தப் பட்டியலும் கொடுத்த தானமல்ல. ஆனால் அந்த அணி லார்ட்ஸுக்கு வந்த பாதையைப் பாருங்கள். அந்த இரண்டு வருடச் சுற்றில் இறுதி ஆட்டத்துக்கு முன் ஆஸ்திரேலியாவுடன் ஒரு டெஸ்ட் இல்லை, இங்கிலாந்துடன் ஒன்றும் இல்லை. 2024 பிப்ரவரியில் நியூசிலாந்துக்குப் போக வேண்டியிருந்தபோது, உள்ளூர் டி20 போட்டிக்காக முன்னணி வீரர்களை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டு, அதுவரை ஒரு டெஸ்ட்கூட ஆடியிராத நீல் பிராண்டைக் கேப்டனாக்கி அனுப்பினார்கள். இரண்டு டெஸ்டிலும் தோல்வி. அதாவது, உலக சாம்பியன் ஆன நாடு அந்தச் சுற்றில் நியூசிலாந்தை நேருக்கு நேர் சந்தித்த இரு முறையும் தோற்றது. பட்டியலில் அதனால் ஒரு சேதமும் இல்லை.

சேதம் ஏன் இல்லை என்பது கணக்கு தெரிந்தவர்களுக்குப் புரியும். ஒவ்வோர் அணியும் ஆறு தொடர்தான் ஆடும். எதிராளி யார் என்பதை வாரியங்களே தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும். ஒரு தொடரில் இரண்டு டெஸ்டும் இருக்கலாம், ஐந்தும் இருக்கலாம். 2023-25 சுற்றில் இங்கிலாந்து 22 டெஸ்ட் ஆடியது, தென்னாப்பிரிக்கா 12. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதே இல்லை. பிடித்த பாடங்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பரீட்சை எழுதியவனையும், கொடுத்ததையெல்லாம் எழுதியவனையும் சதவீதத்தை வைத்து ரேங்க் போட்டு, முதல் இருவரை மட்டும் உள்ளே விடுகிறார்கள். இதற்குத் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வேறு! ஓவர்கள் தாமதமானால் ஓவருக்கு ஒரு புள்ளி அபராதம். இங்கிலாந்து இப்படி 22 புள்ளிகளைத் தொலைத்தது. முதல் சுற்றில் மெல்போர்ன் டெஸ்டில் ஓவர் தாமதத்துக்காக 4 புள்ளி இழந்த ஆஸ்திரேலியா, நியூசிலாந்தைவிட ஒரு சதவீதத்துக்கும் குறைவாகப் பின்தங்கி இறுதி ஆட்டத்தைத் தவறவிட்டது. கடிகாரம் வாங்கிய விக்கெட் அது.

வேண்டியது ஒன்றுதான். முதல் நான்கு அணிகளுக்கு அரையிறுதி வையுங்கள். பட்டியலில் மேலே இருக்கும் அணியின் மண்ணிலேயே வையுங்கள். 2023-25 சுற்றில் இது இருந்திருந்தால் தென்னாப்பிரிக்கா தன் முழு அணியோடு, சொந்த ஊரில், நியூசிலாந்துக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாமிடத்து இந்தியா மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்குப் போயிருக்க வேண்டும். அங்கே 1-3 என்று தோற்றுத் திரும்பிய அணிக்கு அது சலுகையா என்று கேட்பவர்கள் பெர்த்துக்கும் பிரிஸ்பேனுக்கும் ஒரு முறை போய்விட்டு வந்து கேட்கட்டும்.

நாள் இல்லை என்பார்கள். 2025 ஐபிஎல்லுக்கு 74 ஆட்டம் ஆட நாள் இருந்தது. ஒரே வாரத்தில் இரண்டு ஊர்களில் இரண்டு டெஸ்ட் ஆட நாள் இல்லையாம்.

டிரா ஆனால் என்ன செய்வது என்பார்கள். ரஞ்சியில் செய்வதைச் செய்யுங்கள். இதே கஹுஞ்சேயில் 2025 பிப்ரவரியில் கேரளம், ஜம்மு காஷ்மீர் காலிறுதி நடந்தது. மும்பையை மும்பையிலேயே சாய்த்து, தன் பிரிவில் முதலிடம் பிடித்து வந்த அணி ஜம்மு காஷ்மீர். முதல் இன்னிங்ஸில் 280. பதிலுக்கு ஒன்பது விக்கெட்டை 200 ரன்னுக்குப் பறிகொடுத்த கேரளத்துக்காக சல்மான் நிசாரும் பாசில் தம்பியும் கடைசி விக்கெட்டுக்கு 81 ரன் சேர்த்தார்கள். 281. ஒரே ஒரு ரன் முன்னிலை! ஆட்டம் டிரா, கேரளம் அரையிறுதிக்கு. அந்த ஒரு ரன்னுக்காக ஒவ்வொரு பந்தையும் மட்டையால் தடுத்து, ஓடலாமா வேண்டாமா என்று கணக்குப் போட்ட அந்த நேரத்தைப் பார்த்தவர் எவரும் டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு நாக்-அவுட் ஒத்துவராது என்று வாய் திறக்கமாட்டார். விதி டாஸுக்கு முன்பே இரு தரப்புக்கும் தெரியும். தோற்றவர்கள் கால்குலேட்டரைத் திட்டவில்லை.

கடைசி நேரத்தில் இடம் முடிவானால் டிக்கெட் எப்படி விற்பது, கேமரா எப்படி வைப்பது என்றும் ஒரு சாக்கு உண்டு. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பல்லாண்டு காலம் வாக்கெடுப்பும் கணினியும் பார்த்து முதல் இருவரைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். 2004இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத ஆபர்ன் அணி வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. 2014 பருவத்தில் நான்கு அணி பிளே-ஆஃப் வந்தது. 2024இல் பன்னிரண்டு ஆனது. பட்டியல் வெளியான இரண்டே வாரத்துக்குள் கல்லூரி மைதானங்களிலேயே முதல் சுற்றை நடத்திக் காட்டினார்கள். போட்டித் தரநிலையில் எட்டாவதாக நுழைந்த ஓஹாயோ ஸ்டேட் கோப்பையை வென்றது. கல்லூரிப் பையன்களால் முடிந்தது ஐசிசிக்கு முடியாதா?

பிளே-ஆஃப் எப்போதும் நியாயமாக முடியும் என்று புனேக்காரர் யாரும் சொல்லப் போவதில்லை. 2017 ஐபிஎல்லில் ரைசிங் புனே சூப்பர்ஜெயன்ட் அணி மும்பையை லீக்கில் இரண்டு முறை வென்றது; குவாலிஃபையரில் பதினேழு வயது வாஷிங்டன் சுந்தர் 16 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்து மூன்றாம் முறையும் வென்றுகொடுத்தார். இறுதி ஆட்டத்தில் அதே மும்பையிடம் ஒரு ரன்னில் தோல்வி. ஊர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறது. ஆனால் தோற்றது பந்திலும் மட்டையிலும். அடுத்த நாள் காலை யாரும் சதவீதம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இந்தப் பிளே-ஆஃப் முறையை ஐபிஎல்லில் 2011 முதல் நடத்திக் காசு பார்ப்பது பிசிசிஐ. ஐசிசியின் தலைவர் நாற்காலியில் இன்று இருப்பவர் 2024 நவம்பர் வரை அதே பிசிசிஐயின் செயலாளர். டி20க்கு நல்லது என்று தெரிந்த ஒன்று, மும்பையில் விமானம் ஏறி துபாயில் இறங்குவதற்குள் மறந்துவிடுமா? அலுவலகம் மாறினால் ஞாபகமும் மாறிவிடும் போலிருக்கிறது.

புதிய சுற்று 2025 ஜூனில் இலங்கையின் காலியில் தொடங்கிவிட்டதே, நடுவில் விதியை எப்படி மாற்றுவது என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். 2020 நவம்பரில் எப்படி மாற்றினார்களோ அப்படி. முதல் சுற்று பாதியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, மொத்தப் புள்ளி வேண்டாம், சதவீதம் என்று ஒரே அறிவிப்பில் மாற்றினார்கள். அன்று முதலிடத்தில் இருந்த இந்தியா ஒரு பந்துகூட ஆடாமல் மறுநாள் இரண்டாமிடத்தில் விழித்தது. அன்று இருந்த அதிகாரம் இன்றும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறது. இறுதி ஆட்டம் 2027 ஜூனில்தான். அதற்கு முந்தைய மார்ச்சில் இரண்டு டெஸ்டுக்கு இடம் ஒதுக்க ஒரு கூட்டம் போதும், சிங்கப்பூருக்குக்கூடப் போக வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராஸ்தா பேட்டை, புனே.