லைவ்ல ஒரு வியூ குறைஞ்சா யாருக்குத் தெரியும்?

1/ ஆன்லைன் ஆராதனை போதுமா, நேர்ல கோயிலுக்குப் போகணுமா? (எங்க பக்கம் சர்ச்சையும் கோயில்னுதான் சொல்வோம்.) கிறிஸ்தவ வீடுகள்ல இன்னும் ஓயாத சண்டை இது. ஞாயிறு டூட்டி வந்தா நானும் போன்ல பாக்குறவன்தான். டாக்டரா என் கருத்தைச் சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட்.

2/ ராஜபாளையம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. எழுபதை நெருங்குற வயசு, ரொம்ப வருஷமா சுகர். (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) வலது கால் கட்டைவிரல் அடியில புண், எலும்பு வரைக்கும் போயிருச்சு. "எத்தனை நாளா?" "தெரியலயே தம்பி, வலியே இல்ல."

3/ சுகர்ல கால் நரம்பு மரத்துப்போனா இப்படித்தான். முள் குத்தினாலும் தெரியாது. அடுத்தவங்க பாத்துச் சொன்னாத்தான் உண்டு. கணவர் இல்ல, மகன் திருப்பூர்ல. மாத்திரையைப் பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிட்டு வந்து கொடுத்துருவான்.

4/ "கோயிலுக்குப் போறதில்லையாம்மா?" "கொரோனாவுல மகன் போன் வாங்கிக் கொடுத்தான், அதுலயே பாத்துக்கிடுவேன்." கோயில் ரெண்டு தெரு தள்ளித்தான். கடைசியில விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

5/ உடனே ஆன்லைனை மூடுங்கன்னு சொல்ல வரல. 2020 மார்ச்ல கோயிலை மூடினது சரிதான். அந்த மாசம் 10-ம் தேதி அமெரிக்காவுல, வாஷிங்டன் மாநிலத்துல ஒரு பாடகர் குழு பயிற்சிக்குக் கூடுச்சு. வந்த 61 பேர்ல, உறுதியானதும் சந்தேகமானதும் சேர்த்து 53 பேருக்குக் கொரோனா. 2 பேர் இறந்துட்டாங்க.

6/ 2021-ல ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் பாதி வரைக்கும் வெள்ளி, சனி, ஞாயிறு வழிபாட்டுத் தலங்களுக்குத் தடை இருந்துச்சு. அப்ப அந்த போன்தான் துணை. இன்னைக்கும் படுக்கையில இருக்கறவங்க, அவங்களைப் பாத்துக்கிறவங்க, மில்லுல ஞாயிறு ஷிப்ட் போறவங்க, நர்ஸ்கள் எல்லாருக்கும் அது பெரிய உதவி.

7/ ஆனா நேர்ல போனா பிரசங்கம் மட்டுமா கிடைக்குது? வாசல்ல செருப்பைக் கழட்டுறப்ப "என்னக்கா கால்ல துணி?"ன்னு ஒருத்தி கேப்பா. திருவிருந்துக்குப் போறப்ப நொண்டுறது ஐயர் கண்ணுல படும். ரெண்டு வாரம் காணலன்னா பக்கத்துல உக்கார்றவங்க வீட்டுக்கே வந்துருவாங்க. லைவ்ல 412 வியூ 411 ஆனா யாருக்குத் தெரியும்?

8/ 2020 ஏப்ரல் 17-ம் தேதி போப் பிரான்சிஸ், தன்னோட திருப்பலி நேரலையில போயிட்டிருந்தப்பவே, இது நெருக்கடி காலத்துக்கான வழி, இதுவே திருச்சபை இல்லன்னு எச்சரிச்சார். அவர் சொன்னது நற்கருணையையும் கூடிவர்றதையும் பத்தி. என் கேள்வி சின்னது: ஆளைப் பாக்குறது யாரு?

9/ பெரியவங்களை மட்டும் குறை சொல்லக்கூடாது. வர முடியாதவங்க வீட்டுக்கு ஐயர் போய்த் திருவிருந்து கொடுப்பாரு, உபதேசியார் ஜெபம் பண்ணுவாரு. இப்பவும் அதைச் செய்ற சபைகள் இருக்கு. ஆனா சில இடத்துல "அதான் லிங்க் அனுப்புறோம்ல"ன்னு முடிஞ்சுபோகுது.

10/ எங்க துறையில 2021 ஆகஸ்ட்ல 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பிச்சாங்க. சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே போகுது. அப்படியும் இந்த அம்மா கால் எங்க கண்ணுல படல. அந்தப் பழி எங்களுக்கும் உண்டு.

11/ அதனால, நடக்க முடிஞ்சவங்க நேர்ல போங்க. முடியாதவங்களுக்கு லிங்க்கோட ஆளையும் அனுப்புங்க. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள்: ரெண்டு ஞாயிறு வராத பெரியவங்க பேரை எழுதி, அந்த வாரமே ரெண்டு பேர் போய்ப் பாருங்க. சுகர் இருந்தா உள்ளங்காலையும் பாருங்க. புண், கொப்புளம், கறுப்பு எது இருந்தாலும் அன்னைக்கே ஜி.எச். கூட்டிட்டு வாங்க.

12/ டிஸ்சார்ஜ் அன்னைக்கு அந்த அம்மா, "இனிமே கோயிலுக்கே போறேன் தம்பி"ன்னாங்க. "புண் ஆறுற வரைக்கும் காலை ஊனக்கூடாது, போன்லயே பாருங்க"ன்னு நானே சொல்லி அனுப்பினேன். அதுவரைக்கும் கோயில்ல இருந்து யாராவது அவங்க வீட்டுக்குப் போகணும். ரெண்டு தெருதான்.