தாட்சண்யத்தின் வழியே

வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்றை விலைகொடுத்து வாங்கிக் கணினியில் நிறுவிவிட்டு, ஆண்டுச் சந்தாவையும் தவறாமல் கட்டிவிட்டு, இனி நமக்கொரு குறைவுமில்லை என்று பேஸ்புக்கில் சஞ்சரிக்கிறவர்கள் அநேகர். அவர்களுடைய நம்பிக்கை முற்றிலும் பிழையென்று சொல்லமாட்டேன். ஆயினும், சமூக வலைத்தளங்களின் வாயிலாகப் பரவிய தீநிரல்களின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை இயந்திரத்தின் பலவீனத்தைக் காட்டிலும் மனிதருடைய தாட்சண்யத்தையே ஆதாரமாகக் கொண்டு ஜீவித்தன என்பது விளங்கும்.

2008-ஆம் ஆண்டில் தலைகாட்டிய கூப்ஃபேஸ் என்னும் தீநிரலையே எடுத்துக்கொள்வோம். நன்கு அறிமுகமான ஒருவருடைய கணக்கிலிருந்து, ஒரு காணொளியைப் பார்க்கும்படி, அதில் இருப்பது நீதானோ என்று வியப்பதுபோலச் செய்தி வரும், அதிலுள்ள லிங்கைத் தொட்டால் யூடியூபைப் போலவே ஜோடிக்கப்பட்ட ஒரு பக்கம் திறக்கும், காணொளி ஓடாது, ஃபிளாஷ் பிளேயர் பழையதாகிவிட்டதென்றும் புதியதை நிறுவவேண்டுமென்றும் அந்தப் பக்கம் வெகு மரியாதையாக அறிவிக்கும். நண்பர் அனுப்பியதாயிற்றே, பார்க்காமலிருந்தால் நன்றாயிராதே என்ற எண்ணத்தில் சம்மதம் என்ற பொத்தானை அழுத்தியவர்கள், தங்கள் விண்டோஸ் கணினியைத் தாங்களே அந்நியரிடம் ஒப்படைத்தவர்களானார்கள். அந்த க்ஷணம் முதல் அவர்களுடைய பெயரிலேயே அவர்களுடைய நண்பர்களுக்கும் அதே செய்தி போகத் தொடங்கியது.

இதில் என்னைப் பெரிதும் திகைக்க வைத்தது வேறொரு சங்கதி. புதிய கணக்குத் தொடங்குகிறவர் மனிதர்தானா என்று பரிசோதிப்பதற்காகக் கோணல்மாணலான எழுத்துகளைக் காட்டித் தட்டச்சு செய்யச் சொல்லும் ஏற்பாடு உண்டல்லவா? தீநிரலால் அந்த எழுத்துகளை வாசிக்க இயலவில்லை. ஆகவே, பீடிக்கப்பட்ட கணினியின் திரையில் அதே எழுத்துகளைக் காட்டி, 3 நிமிஷத்துக்குள் தட்டச்சு செய்யாவிட்டால் கணினி அணைந்துவிடும் என்று கடிகாரத்தையும் ஓடவிட்டு, பயந்துபோன உடையவரைக்கொண்டே அதைப் படிக்கச் செய்து, அவருக்குத் தெரியாமலே போலிக் கணக்குகளை உற்பத்தி செய்துகொண்டது தீநிரலை ஏவிவிட்ட கூட்டம். கணினியை மட்டுமன்றி, அதன் முன் அமர்ந்திருந்தவரின் கண்களையும் கூலியின்றி வேலை வாங்கிய சாமர்த்தியம் இது.

2009 ஜூன் முதல் 2010 ஜூன் வரையிலான ஓராண்டில் கூப்ஃபேஸைக்கொண்டு 20 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கப்பட்டதாகக் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2010 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. அந்த வருமானத்தில் ஒரு பகுதி, போலியான வைரஸ் தடுப்பு மென்பொருள்களைப் பரப்பியதனால் கிடைத்தது என்பதை, சந்தா கட்டிவிட்டு நிம்மதியாயிருக்கும் நம் நண்பர்கள் கவனிக்கவேண்டும்.

இருப்பினும், குற்றம் எப்பொழுதும் உபயோகிப்பவருடையதே என்று தீர்ப்புக் கூறிவிடுவதும் நியாயமாகாது. 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் சாமி கம்கார் என்ற இளைஞர் பரவவிட்ட நிரல், ஒருவருடைய பக்கத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே பார்த்தவரையும் தொற்றிக்கொண்டு, ஒரு நாள் முடிவதற்குள் 10 லட்சம் பக்கங்களுக்கு மேல் பரவியது. அது கணினிக்கு ஹானி செய்யவில்லை. அந்தத் தளத்தின் ஓட்டையைத்தான் அம்பலப்படுத்தியது. அத்தகைய ஓட்டைகளை அடைப்பது தளத்தை நடத்துகிறவர்களின் கடமை. அவ்விஷயத்தில் நம்மால் ஆகக்கூடியது, பிரௌசரையும் இயங்குதளத்தையும் அவ்வப்போது புதுப்பித்துக்கொள்வது ஒன்றே.

கூப்ஃபேஸ் போன்ற ஏமாற்றுகளுக்கு எதிராக நம் கையில் உள்ளவையோ வேறு. எந்த மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தாலும், செய்தியில் வந்த லிங்கின் வழியாக அல்லாமல், அம்மென்பொருளின் அமைப்புகளுக்குள் சென்றோ அதைத் தயாரித்தவரின் தளத்துக்கு நாமே சென்றோ செய்வதென்று ஒரு விரதம் பூண்டிருந்தால் கூப்ஃபேஸ் நம்மிடம் தோற்றிருக்கும். ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவே 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. ஆயினும் வேஷம் மட்டும் மாறி, அதே தந்திரம் இப்போது பிரௌசருக்கான அப்டேட் என்று வருகிறது. நிர்வாகி அதிகாரமுள்ள கணக்கை அன்றாட உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளாமல் சாதாரணக் கணக்கில் வேலை செய்வதும், யார் நம் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று சொல்வதாக ஆசை காட்டும் எக்ஸ்டென்ஷன்களை அண்டவிடாமலிருப்பதும் உத்தமம். இரட்டைச் சரிபார்ப்பு அவசியந்தான். ஆனால் நாம் உள்நுழைந்திருப்பதற்கு அடையாளமாகப் பிரௌசரில் சேமித்திருக்கும் குக்கீகளையே திருடிச் செல்லும் தீநிரலுக்குக் கடவுச்சொல்லும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை என்பதை மறக்கலாகாது.

தவறிப்போய் அழுத்திவிட்டவர்கள் பதற்றத்தில் முதலில் கடவுச்சொல்லை மாற்றுகிறார்கள். அதையும் அதே கணினியிலிருந்து மாற்றுகிறார்கள். புதிய கடவுச்சொல்லும் உடனே திருடர் கைக்குப் போய்ச் சேருகிறது. இணையத் தொடர்பைத் துண்டித்து, கணினியைச் சுத்தம் செய்யும் வேலையைத் தொடங்கிவிட்டு, தொற்றில்லாத வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றுவதே முறை. அதன்பின் நண்பர்களுக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும். வெட்கத்தினால் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். செய்தியைத் திறக்காமல் விட்ட நண்பருக்கு அந்த எச்சரிக்கை தேவைப்படாது. திறந்து, கேட்டதற்கெல்லாம் சம்மதித்து, அப்படியும் காணொளி ஓடவில்லையே என்று மூடிவிட்டுப் போன நண்பருக்கே தேவை. அவருடைய கணினி அந்நேரம் வேறு யாருக்கேனும் அவர் பெயரில் எழுதிக்கொண்டிருக்கும்.