தண்டவாளம் எங்க, தாத்தா?

பேரனை ரயில் பாதைக்கு நடக்கக் கூட்டிக்கொண்டு போனால் போதும், கேட்டுவிடுவான். "பேரு ரயில் பாதை. தண்டவாளம் எங்க, தாத்தா?" தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர், சிங்கப்பூரின் தெற்குக்கும் வடக்குக்கும் நடுவே. காலடியில் இருப்பதெல்லாம் சரளையும், மழை பெய்தால் சேறும்தான்.

2011 ஜூன் 30 இரவு இந்தத் தடத்தின் கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிப் போனார். கூட்டத்தோடு கூட்டமாக நானும் கையசைத்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஊரே தண்டவாளத்தின் மேல் நடந்து படம் எடுத்துக்கொண்டது. அப்புறம் எல்லாவற்றையும் கழற்றி மலேசியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பொருள், கொடுக்கத்தான் வேண்டும். ஆனாலும் மனுஷன் கண்ணில் படுகிற மாதிரி ஒரு மைல் தூரத்தையாவது கேட்டு வாங்கியிருக்கக் கூடாதா?

மிச்சம் வைத்த துண்டு புக்கிட் தீமா ஸ்டேஷனில் இருக்கிறது, இரும்புப் பாலங்களின் மேல் இருக்கிறது. சரி, அதையாவது காட்டலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனேன். தண்டவாளத்தில் ஒரு கல்யாண ஜோடி உட்கார்ந்திருந்தது. கேமராக்காரர் எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார். நின்றோம். அந்த ஜோடி எழுந்ததும் இன்னொரு ஜோடி உட்கார்ந்தது!

திரும்பி நடந்தால் முதுகுக்குப் பின்னால் சைக்கிள் மணி. ரயில் வந்த காலத்தில் தூரத்திலேயே ஹாரன் கேட்கும், ஒதுங்க நேரம் இருக்கும். கிராஞ்சி ரயில்வே கேட்டில் கார்களெல்லாம் அடக்கமாகக் காத்துக்கிடக்கும். இந்தச் சைக்கிள்காரர்களுக்கு எந்தக் கேட்டைப் போடுவது?

என் அப்பா இதே தடத்தில் கேங் வேலை பார்த்தவர். சிலிப்பர் கட்டை தூக்கித் தூக்கித் தோள்பட்டை காய்த்துப்போயிருக்கும். 1932-இல் தஞ்சோங் பகார் ஸ்டேஷன் திறந்தபோது, குவீன்ஸ்வே பக்கம் பாதையோரமாக ரயில்வேத் தமிழர்கள் ஒரு முனீஸ்வரனை வைத்துக் கும்பிட்டார்கள். அவர் இப்போது காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலில், கோபுரத்தோடு சௌக்கியமாக இருக்கிறார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ரயிலுக்குக் காவலாக வைத்த சாமி அது. இனி எதைக் காப்பார்?

இதையெல்லாம் பேரனிடம் சொன்னால் பாதியில் கொட்டாவி விடுகிறான். அவனையும் குறை சொல்ல முடியாது. இரும்பைத் தொட்டுப் பார்க்காத பிள்ளைக்கு வெறும் பாதையைக் காட்டி, "இங்கதான் உன் கொள்ளுத்தாத்தா வேர்வை சிந்தினாரு" என்றால் என்ன விளங்கும்?

வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு கல்லைப் பொறுக்கி நீட்டினான். "இது அந்தக் காலத்து ரயில் கல்லா, தாத்தா?"

"ஆமாடா கண்ணு, பத்திரமா வச்சுக்கோ" என்றேன். போன மாதம் பாதையைச் சரிசெய்ய லாரியில் கொண்டுவந்து கொட்டிய ஜல்லி அது.