'த்ரெட்-7' யாருங்க? புரோகிராம் இழைகளுக்குப் பெயர் வைப்பது ஏன் அவசியம்?

காஞ்சிபுரம் ஓரிக்கையில் பட்டுத் தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் நெசவாளர் குழம்புவதில்லை. ஆயிரக்கணக்கான இழைகள் இருந்தாலும், ஒவ்வொன்றும் அதற்கான விழுதுக் கண்ணில் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். எந்த இடம் என்று பார்த்து முடிச்சுப் போட்டுவிடலாம்.

கம்ப்யூட்டர் புரோகிராமில் வரும் 'த்ரெட்'டுக்கும் தமிழில் இழை என்றுதான் பெயர். ஒரே புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் தனித்தனி வேலைகள் இவை. பேமென்ட் ஆப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சர்வரில் ஓர் இழை பணத்தைக் கழிக்கும், இன்னொன்று எஸ்எம்எஸ் அனுப்பும், மற்றொன்று ரீஃபண்டைப் பார்க்கும். நடுராத்திரி சர்வர் ஹேங் ஆனால், சிக்கிய இழை எது?

எண் போதாதா?

போதாது. நாம் பெயர் வைக்காவிட்டால் ஜாவா 'த்ரெட்-0', 'த்ரெட்-1' என்று தானாகவே பெயர் போட்டுவிடும். 'த்ரெட்-7' என்ன வேலை செய்தது என்பது அதிலிருந்து தெரியாது. லினக்ஸில் ஓர் இழை முடிந்ததும், அதன் அடையாள எண் வேறொரு புதிய இழைக்குப் போகலாம். அதனால் காலை லாகில் இருக்கும் எண்ணும் மாலை லாகில் இருக்கும் அதே எண்ணும் ஒரே இழைதான் என்று நம்ப முடியாது.

2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21-இல் விர்ச்சுவல் த்ரெட்டுகளை லட்சக்கணக்கில் ஓடவிடலாம். நாமாக வைக்காவிட்டால் அவற்றுக்குப் பெயரே கிடையாது!

அப்போ என்ன பண்ணலாம்?

சிம்பிள். 'ரீஃபண்ட்-2' என்பதுபோல வேலையைச் சொல்லும் பெயரை, இழையை உருவாக்கும்போதே வையுங்கள். ஜாவாவிலும் பைத்தானிலும் இதற்கு ஒரு வரிகூடத் தேவைப்படாது. லினக்ஸில் 15 ஆங்கில எழுத்துகளுக்குத்தான் இடம். அதனால் முக்கியமான சொல் முதலில் வரட்டும். பைத்தான் 3.10 முதல், இழை இயக்கும் ஃபங்ஷனின் பெயரும் தானாகவே சேர்ந்துவிடுகிறது. நல்ல மாற்றம்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. 'த்ரெட் பூல்' முறையில் ஒரே இழை அடுத்தடுத்துப் பல வாடிக்கையாளர்களின் வேலையைச் செய்யும். அதனால் இழையின் பெயரோடு, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண்ணும் லாகில் பதிவாக வேண்டும்.

"டெட்லைன் நெருக்குது, பெயரெல்லாம் அப்புறம்" என்பது பல டீம்களில் கேட்கும் பதில். அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. அதற்கான விலையைக் கொடுப்பது கோட் எழுதியவர் அல்ல. ராத்திரி 2 மணிக்கு ஆன்-காலில் இருக்கும் ஜூனியர்தான். பணம் போனதா, வந்ததா என்று தெரியாமல் காத்திருக்கும் வாடிக்கையாளரும்தான். எனவே கோட் ரிவ்யூவில் பெயரில்லாத இழை வந்தால், திருப்பி அனுப்புவதே நியாயம்.